ஆளரவம் குறைந்த மேட்டுநிலங்களில் சைக்கிள் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊர்கள் தள்ளித் தள்ளி இருக்கும் மலைமேடுகளில், சுமை கட்டிய சைக்கிளில், சில நாட்களோ சில வாரங்களோ அவசரமில்லாமல் போய்வர நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. பந்தயம், சாதனை, ஒரே நாளில் 200 கிலோமீட்டர் என்கிற பேச்செல்லாம் இங்கே கிடையாது.

ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் போகலாம்?

கிலோமீட்டரை மட்டும் வைத்துத் திட்டம் போட்டால் முதல் நாளே கணக்கு உதைக்கும். மேட்டுநிலத்தில் தூரத்தைவிட ஏற்றம்தான் நேரத்தைத் தின்கிறது. நான் போடும் கணக்கு இதுதான்: சுமையோடு சமதரையில் மணிக்கு 15 கிலோமீட்டர், அதற்கு மேல் ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்றத்துக்கும் தனியாக ஒரு மணி நேரம். அதாவது 60 கிலோமீட்டர் வழியில் மொத்தம் 1,200 மீட்டர் ஏற வேண்டியிருந்தால் தூரத்துக்கு நான்கு மணி, ஏற்றத்துக்கு நான்கு மணி, ஆக எட்டு மணி நேரம் மிதிக்கிற வேலை. இதில் சாப்பாடு, தண்ணீர் பிடிப்பது, சும்மா நின்று வேடிக்கை பார்ப்பது எதுவும் சேரவில்லை. அந்த வேடிக்கைக்காகத்தான் போகிறோம் என்பதால், இப்படிக் கணக்குப் போட்டு வந்த தூரத்தில் கால்வாசியைக் கழித்துவிடுங்கள். 45 கிலோமீட்டர் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தால் யாரிடமும் சொல்லாதீர்கள், அவ்வளவுதான்.

பல வரைபடச் செயலிகள் மொத்த ஏற்றத்தைக் காட்டும். ஆனால் ஒரே பெரிய ஏற்றமாக 800 மீட்டர் வருவதும், ஓடைக்கு ஓடை இறங்கி ஏறி அதே 800 வருவதும் உடம்புக்கு ஒன்றல்ல. இரண்டாவதில் இறக்கத்தில் கிடைக்கும் வேகத்தையெல்லாம் அடிவாரத்துப் பாலத்தில் பிரேக் பிடித்துத் தொலைக்க வேண்டியிருக்கும். அதனால் மொத்த எண்ணோடு நிற்காமல் ஏற்ற இறக்கக் கோடு எப்படி வளைகிறது என்றும் பாருங்கள்.

நல்ல உடற்பயிற்சி இருந்தால்தான் முடியுமா?

இல்லை. ஆனால் எதைச் சுமக்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். ஆள், வண்டி, மூட்டை எல்லாம் சேர்த்து 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 6 சதவீதச் சரிவில் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால், அந்த எடையை மேலே தூக்க மட்டும் சுமார் 80 வாட் தேவை. இது தினமும் சைக்கிள் ஓட்டுகிற சாதாரண ஆள் பல மணி நேரம் தாங்கக்கூடிய அளவுதான். வேகத்தை இரட்டிப்பாக்கினால் தேவையும் இரட்டிப்பாகும்; அப்போது பத்து நிமிடத்தில் மூச்சு வாங்கும். பலம் போதாமல் திணறுகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. மெதுவாகப் போகப் பிடிக்காமல் திணறுகிறவர்களே அதிகம்.

எந்த மாதிரி சைக்கிள் வேண்டும்?

சைக்கிளின் பிரேம் (சட்டகம்) பற்றி மக்கள் நாள்கணக்கில் சண்டை போடுகிறார்கள். எனக்கு முதல் கேள்வி ஒன்றுதான்: மிகச் சின்ன கியர் எவ்வளவு சின்னது?

முன்னால் 22 பல், பின்னால் 36 பல் என்றால், பெடலை ஒரு சுற்றுச் சுற்றும்போது வண்டி சுமார் 1.3 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு நாலரை கிலோமீட்டர் சொச்சம், அதாவது நடக்கிற வேகம். சாலைப் பந்தய வண்டிகளில் வழக்கமாக வரும் 34-க்கு 28-ஐ எடுத்துக்கொண்டால், அதே 60 சுற்றுக்கு மணிக்கு 9 கிலோமீட்டர் போயாக வேண்டும். 10 சதவீதச் சரிவில் சுமையோடு அந்த வேகத்துக்கு 250 வாட் ஆகும். முடியாது, இறங்கித் தள்ளுவீர்கள், அல்லது நின்று மிதித்து முழங்காலைக் கெடுத்துக்கொள்வீர்கள்.

இது ஒன்றும் புதிய ஞானமில்லை. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் கியர் மாற்றும் டீரெய்லரை அனுமதித்ததே 1937-இல்தான். அதற்கு வெகு காலம் முன்பே, வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதிவந்த பால் டி விவி (1853–1930), பிரான்ஸின் செயின்ட் எட்டியென் நகரத்திலிருந்து மலையேறிக்கொண்டே, பயணிக்குப் பல கியர்கள் வேண்டும் என்று வாதாடிக்கொண்டிருந்தார். பந்தயக்காரர்கள் செய்வதைப் பார்த்துப் பயணத்துக்கு வண்டி வாங்குகிற பழக்கம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

மற்றபடி, கேரியர் மாட்ட ஓட்டைகள் இருக்க வேண்டும், அகல டயருக்கு இடம் இருக்க வேண்டும், உட்கார்ந்தால் கழுத்து வலிக்கக் கூடாது. ஏற்கெனவே வீட்டில் இருக்கும் பழைய மலை சைக்கிள் இதற்கெல்லாம் சரியாக வந்தால், பெரிய பல்சக்கரம் உள்ள கேசட் (பின் சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு) ஒன்றை மாட்டிக்கொண்டு கிளம்பலாம். ஆனால் பெரிய கேசட் போட்டால் செயினின் நீளத்தையும், அந்தப் பல்லை டீரெய்லர் தாங்குமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டயர்?

40 முதல் 50 மில்லிமீட்டர் அகலம். காற்றைக் கல் மாதிரி அடைக்காதீர்கள். சரளைச் சாலையில் கொஞ்சம் குறைந்த அழுத்தம் கைக்கும் முதுகுக்கும் நல்லது, ஓட்டமும் மோசமாகாது. ஆனால் பின் டயரில் சுமை அதிகம் என்பதால் முன்னதைவிடப் பின்னதில் கூடுதலாக வையுங்கள். மிகவும் குறைத்தால் கல்லில் இடித்து ரிம்முக்கும் டயருக்கும் நடுவே டியூப் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும்.

எவ்வளவு சுமை கட்டலாம்?

தண்ணீரும் சாப்பாடும் போக 12 கிலோவுக்குள் இருந்தால் நல்லது. 20-ஐத் தாண்டினால் எதையோ தேவையில்லாமல் எடுத்திருக்கிறீர்கள். கூடாரம், தூக்கப்பை, மெத்தை, அடுப்பு, மழைச்சட்டை, ஓட்ட ஒரு செட் துணி, தூங்க ஒரு செட் துணி, கருவிகள், மருந்து. தூங்கும் துணி ஓட்டும்போது எக்காரணம் கொண்டும் வெளியே வரக்கூடாது. உலர்ந்த துணி ஒன்று நிச்சயமாக இருக்கிறது என்பது நாள் முழுக்க மழையில் நனைந்தவருக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்று நனைந்த பிறகுதான் தெரியும்.

கனமானவற்றைக் கீழேயும் நடுவிலும் வையுங்கள். எல்லாவற்றையும் பின் கேரியரில் ஏற்றினால் ஏற்றத்தில் முன் சக்கரம் லேசாகி ஹேண்டில்பார் ஆடும், இறக்கத்தில் வால் ஆடும். கேரியரின் போல்ட்டுகளைத் தினமும் காலையில் விரலால் ஆட்டிப் பாருங்கள். அலை அலையாக நெளிந்த சரளைச் சாலை எந்த போல்ட்டையும் மெல்ல மெல்லக் கழற்றிவிடும்.

ஆளில்லாத வழியை எப்படிக் கண்டுபிடிப்பது?

வரைபடத்தில் ஒரே இரண்டு ஊர்களை இணைக்கும் இரண்டு சாலைகளைத் தேடுங்கள். சுரங்கப்பாதையோ புது நெடுஞ்சாலையோ வந்த பிறகு, பழைய கணவாய்ச் சாலை பெரும்பாலும் கைவிடப்பட்டுக் கிடக்கும். லாரிகள் எல்லாம் கீழே போய்விடும், மேலே நீங்களும் ஆடுகளும்தான். அணைக்கட்டுப் பராமரிப்புச் சாலை, காட்டிலாகாச் சாலை, கைவிட்ட ரயில் தடம் ஆகியவையும் நல்லவை. ரயில் தடத்தில் சரிவு பெரும்பாலும் மென்மையாக இருக்கும், ஏனென்றால் நீராவி இன்ஜினால் செங்குத்தாக ஏற முடியாது. காட்டிலாகாச் சாலையில் நுழைய அனுமதி வேண்டுமா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

மறுபக்கம், மெல்லிய புள்ளிக்கோடாகத் தெரிவதை எல்லாம் பாதை என்று நம்பிவிடாதீர்கள். பிரிட்டனில் 1955-இல் தொடங்கிய ரஃப் ஸ்டஃப் ஃபெல்லோஷிப் என்ற குழுவினருக்குத் தார் இல்லாத மலைத் தடத்தில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடப்பது சந்தோஷமான விஷயம். மூட்டையோடு 30 கிலோ இருக்கும் வண்டியை யாரும் தோளில் தூக்குவதில்லை. செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: இரண்டு சக்கரத் தடம் தெரிந்தால் சைக்கிள் போகும். ஓடையைக் கடக்கும் இடத்தில் பாலம் தெரியாவிட்டால், பனி உருகும் பருவத்தில் அந்த ஓடை மாலையில் காலையைவிட உயர்ந்திருக்கும். காலையில் கடக்கும்படி அன்றைய பயணத்தை அமைத்துக்கொள்ளுங்கள்.

வரைபடத்தை வீட்டிலேயே போனில் இறக்கிக்கொள்ளுங்கள். டவர் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், படம்தான் வராது.

தண்ணீருக்கு என்ன செய்வது?

ஊர்களின் தூரத்தைவிட நீர் கிடைக்கும் இடங்களின் தூரத்தைத்தான் முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். மேட்டுநிலம் என்றாலே எங்கும் ஓடை இருக்கும் என்று நினைப்பார்கள். முகட்டுச் சாலையில் ஓடை இருக்காது. அவை கீழே பள்ளத்தாக்கில்தான் சேரும். சுண்ணாம்புக்கல் மேடாக இருந்தால் பெய்கிற மழை முழுக்கப் பாறைக்குள் இறங்கிவிடும், பச்சைப் பசேலென்று இருக்கும் இடத்திலேயே குடிக்கச் சொட்டு இருக்காது.

மேலே ஆடு மாடு மேயும் எந்த ஓடைத் தண்ணீரையும் அப்படியே குடிக்காதீர்கள், எவ்வளவு தெளிவாக இருந்தாலும். ஒரு நிமிடம் கொதிக்க வைத்தால் போதும். 2,000 மீட்டருக்கு மேலே மூன்று நிமிடம். நுண்குழாய் வடிகட்டி கொண்டுபோனால் இரவில் அதைத் தூக்கப்பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் ஈரம் உறைந்தால் குழாய்களில் வெடிப்பு விழும். வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும், ஆனால் வடிகட்டாது. உறைந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே தூக்கிப் போட்டுவிடுங்கள்.

சமையல் பற்றி?

உயரம் கூடக்கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும், 300 மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி வீதம். 3,000 மீட்டரில் சுமார் 90 டிகிரியில் கொதிப்பதால் பருப்பும் பயறும் எரிவாயுவைக் குடித்துக்கொண்டே வேகாமல் உட்கார்ந்திருக்கும். சீக்கிரம் வேகிறதை மட்டும் எடுத்துப் போங்கள். குளிரில் சாதாரண பியூட்டேன் குப்பி பூஜ்யத்தருகே வாயுவாக மாற மறுக்கும். புரோப்பேன் கலந்த குப்பி வாங்குங்கள். பசிக்கும் முன் சாப்பிடு, தாகமெடுக்கும் முன் குடி என்று வெலோசியோ சொல்லிவைத்ததை ஏற்றத்தில் இருக்கும்போது கட்டாயம் பின்பற்றுங்கள், ஏனென்றால் அங்கே பசி தெரியும்போது கால் ஏற்கெனவே காலியாகியிருக்கும்.

உயரம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா?

2,500 மீட்டருக்குக் கீழே பெரும்பாலானவர்களுக்குச் சிக்கல் இல்லை. அதற்கு மேல் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை, பசியின்மை வரலாம். நல்ல உடற்பயிற்சி இருப்பவர்களுக்கும் வரும்; சொல்லப்போனால் அவர்கள் வேகமாக ஏறிவிடுவதால் மாட்டிக்கொள்வதும் உண்டு. 3,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 70 சதவீதம்தான். அதற்கு மேலே, படுக்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள், மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை ஒரே இடத்தில் தங்குங்கள். பகலில் உயரமான கணவாயைத் தாண்டி இறங்கித் தாழ்வாகப் படுப்பதில் தவறில்லை.

இதில் சைக்கிளுக்கு ஒரு நல்ல குணம் உண்டு: ஜீப்பில் போகிறவரைவிட நாம் மெதுவாக ஏறுகிறோம். ஆனால் சில இடங்களில் நிலமே உயரத்தில் பரந்து கிடக்கும். தஜிகிஸ்தானின் பாமிர் சாலையில் முர்காப் ஊரே சுமார் 3,600 மீட்டரில் இருக்கிறது, அதற்கு வடக்கே வரும் அக் பைதால் கணவாய் 4,655 மீட்டர். அங்கே உடம்பு சரியில்லை என்றால் சட்டென்று இறங்கிவிட வழியில்லை. தலைவலியோடு தள்ளாட்டமோ, ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறலோ வந்தால் இரவானாலும் கீழே இறங்குங்கள், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

வானிலை?

உயரம் 1,000 மீட்டர் கூடினால் சராசரியாக ஆறரை டிகிரி குளிர் கூடும். ஏறும்போது வியர்வையில் இது தெரியாது. உச்சியில் நின்று, நனைந்த பனியனோடு அப்படியே இறங்க ஆரம்பித்தால் பத்து நிமிடத்தில் விரல்கள் பிரேக் பிடிக்கவே மறுக்கும். அதனால் உச்சிக்கு வந்தவுடன், படம் எடுப்பதற்கு முன், சட்டையும் கையுறையும் மாட்டுங்கள். உச்சியில் காற்று அதிகமாக இருந்தால் அதற்கு நூறு மீட்டர் முன்பே ஒதுங்கி மாட்டிக்கொள்ளலாம்.

கோடையில் மலைகளில் இடி மின்னல் பிற்பகலில்தான் அதிகம். கணவாயை நண்பகலுக்கு முன் தாண்டிவிடுங்கள். மின்னலைப் பார்த்து இடி கேட்க 30 நொடிக்குக் குறைவாக இருந்தால் அது பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது; முகட்டைவிட்டு இறங்குங்கள், தனி மரத்தடியில் ஒதுங்காதீர்கள்.

காற்றும் காலையில்தான் குறைவு. வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கில் காற்று கீழிருந்து மேலே அடிக்கத் தொடங்கும். ஏறுபவருக்கு அது முதுகில் கை வைத்துத் தள்ளும், இறங்குபவர் இறக்கத்திலும் மிதிக்க வேண்டியிருக்கும்.

நீண்ட இறக்கத்தில் பிரேக் தாங்குமா?

100 கிலோ எடை 600 மீட்டர் இறங்கும்போது வெளிவரும் ஆற்றலில் பெரும்பகுதியைக் காற்றுத் தடை எடுத்துக்கொள்ளும், வேகமாகப் போனால். மெதுவாக, பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே போனால் அத்தனையும் சூடாக பிரேக்கில்தான் இறங்கும். ரிம் பிரேக்கில் டியூப் வெடிக்கும் அளவுக்குச் சூடேறலாம், டிஸ்க்கில் பிடிப்பு தளரலாம். வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, பிறகு விட்டுவிட்டு ஓட்டுங்கள். சரளையில் முன் பிரேக்கை வளைவின் நடுவே தொடவே வேண்டாம். கிளம்பும் முன் பிரேக் கட்டையின் தேய்மானம் பாருங்கள், மாற்றுக் கட்டை ஒரு ஜோடி பையில் இருக்கட்டும்.

நடுவழியில் வண்டி பழுதானால்?

பஞ்சர், செயின் அறுவது, ஸ்போக்ஸ் கம்பி உடைவது, டீரெய்லரைத் தாங்கும் ஹேங்கர் வளைவது. பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றுதான். டியூப் இரண்டு, ஒட்டு சாமான், பம்ப், செயின் கழற்றும் கருவி, இணைப்புக் கண்ணி, உங்கள் சக்கரத்துக்குச் சரியான நீளத்தில் சில கம்பிகள், ஒரு ஹேங்கர் இருந்தால் ஏறத்தாழ எல்லாவற்றையும் சமாளிக்கலாம். கம்பி உடைவது பெரும்பாலும் பின் சக்கரத்தில் கேசட் பக்கம்தான், அதுதான் மாற்றக் கஷ்டமான இடமும்கூட, ஏனென்றால் கேசட்டைக் கழற்றாமல் புதுக் கம்பி நுழையாது. கழற்றும் கருவி இல்லையென்றால், உடைந்ததைப் பக்கத்துக் கம்பியோடு சுற்றிவிட்டு, அதற்கு இரண்டு பக்கமும் இருக்கும் எதிர்ப்பக்கத்துக் கம்பிகளைக் கால் சுற்றுத் தளர்த்துங்கள். கோட்டம் முழுசாகப் போகாது, ஆனால் சக்கரம் பிரேமில் உரசாமல் அடுத்த ஊர் வரை உருளும்.

இதை முதல்முறையாக மழையில் கற்றுக்கொள்ள வேண்டாம். வீட்டு வாசலில் உட்கார்ந்து ஒருமுறை கம்பி மாற்றிக் கோட்டம் எடுத்துப் பழகுங்கள்.

நாய், மாடு, வேலிக் கதவு?

மந்தை காக்கும் நாய் துரத்தினால் வேகமாக மிதித்துத் தப்ப நினைக்காதீர்கள், ஏற்றத்தில் அது நடக்கவே நடக்காது. இறங்கி, வண்டியை நடுவில் வைத்துக்கொண்டு, மந்தையை விட்டு விலகி நடங்கள். நீங்கள் மனிதர் என்று தெரிந்ததும் பல நாய்கள் அடங்கிவிடும். வேலிக் கதவு திறந்திருந்தால் திறந்தே விடுங்கள், மூடியிருந்தால் மூடிவிட்டுப் போங்கள். மாடு தாண்டாமல் இருக்கச் சாலையில் பதித்திருக்கும் இரும்புக் கம்பிகளை நேர்க்கோட்டில் கடக்கவும். சாய்வாக, அதுவும் மழையில் போனால் விழுவீர்கள்.

கூடாரம் எங்கே போடலாம்?

நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டப்படி வேலியில்லாத பெரும்பாலான நிலத்தில் பொறுப்போடு தங்கலாம். நார்வேயில் குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளிப் போட வேண்டும். வேறு பல இடங்களில் நிலத்துக்காரரிடம் கேட்டாக வேண்டும். கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும், மாலையில் இருட்டும் முன் கேட்டால்.

பள்ளத்தாக்கின் அடியில் புல்வெளி எவ்வளவு அழகாக இருந்தாலும் அங்கே வேண்டாம். இரவில் குளிர்ந்த காற்று கனத்து அங்கேதான் வந்து தேங்கும், காலையில் கூடாரம் முழுக்கப் பனித்துளி. சரிவில் முப்பது நாற்பது மீட்டர் மேலே ஒரு மேடை கிடைத்தால் சூடாகவும் உலர்ந்தும் இருக்கும்.

தனியாகப் போவது ஆபத்தா?

ஆபத்து கொஞ்சம் கூடுதல்தான், மறைக்க வேண்டியதில்லை. காலொடிந்தால் உதவி கேட்க ஆளில்லை. வழித்திட்டத்தையும், எந்த நாள் எந்த நேரத்துக்குள் தகவல் வரவில்லை என்றால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதையும் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். டவரே இல்லாத நிலம் என்றால் செயற்கைக்கோள் வழி அவசரச் செய்தி அனுப்பும் கருவி வாங்கத் தகுந்தது. அதைப் பையில் போடாமல் உடம்போடு வைத்திருங்கள், விழும்போது நீங்கள் ஒரு பக்கமும் வண்டி பள்ளத்திலுமாகப் போகலாம். இரண்டு பேர் போவது நல்லது, வேகம் ஒத்துப்போனால். நான்கு பேருக்கு மேல் சேர்ந்தால் அமைதி போய்விடும், நாள் முழுக்க யாரோ ஒருவருக்காக மற்றவர்கள் காத்திருப்பார்கள்.

பாட்டுக் கேட்டுக்கொண்டே ஓட்டலாமா?

உங்கள் இஷ்டம். எனக்குப் பிடிக்காது. பின்னால் வரும் வண்டி, செயின் எண்ணெய் கேட்டுக் கீச்சிடுவது, கேரியர் போல்ட் தளர்ந்து டக் டக்கென்று அடிப்பது எல்லாம் காதில்தான் முதலில் தெரியும். வசந்தத்தில் தரையில் கூடு கட்டும் பறவைகள் உங்கள் தலைக்கு மேல் சுற்றிக் கத்தினால் குஞ்சுகள் பக்கத்தில் இருக்கின்றன, நிற்காமல் தாண்டிப் போங்கள் என்று அர்த்தம். அதுவும் காதில் விழ வேண்டும்.

போனுக்கு சார்ஜ்?

சக்கரத்து டைனமோ 6 வோல்ட், 3 வாட் தரும், ஆனால் உருப்படியாக சார்ஜ் ஏற மணிக்கு 15 கிலோமீட்டராவது வேண்டும். ஏற்றத்தில் ஒன்றும் வராது. அதனால் பவர் பேங்க் எப்படியும் தேவை. குளிரில் பாட்டரி சீக்கிரம் படுத்துவிடும், இரவில் தூக்கப்பைக்குள் வையுங்கள். போனை ஏரோபிளேன் மோடில் போட்டால் இல்லாத டவரைத் தேடித் தேடித் தீராமல் இருக்கும்.

இ-பைக்கில் போகலாமா?

தாராளமாக. முழங்கால் சரியில்லாதவர்களும் வயதானவர்களும் இப்போது இப்படித்தான் மலைக்கு வருகிறார்கள், நல்ல விஷயம். கணக்கு மட்டும் தெரிந்திருக்கட்டும்: 100 கிலோவை 1,000 மீட்டர் மேலே தூக்க மட்டும் சுமார் 270 வாட்-மணி வேண்டும், மோட்டாரில் வீணாவதையும் சேர்த்தால் 350 வரும். 500 வாட்-மணி பாட்டரி முழுவதையும் மோட்டாரிடமே விட்டால் 1,400 மீட்டர் ஏற்றத்தில் தீர்ந்துவிடும். பாதி வேலையை நீங்கள் செய்தால் அதன் இரட்டிப்பு. ஆக, தினமும் மின்சாரம் உள்ள இடத்தில் இரவு தங்கும்படி வழி போட வேண்டும், அது ஆளில்லாத நிலத்தில் வழித்தேர்வை நிறையவே சுருக்கும். அப்புறம், 160 வாட்-மணிக்கு மேற்பட்ட பாட்டரியைப் பயணிகள் விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். வெளிநாட்டு மலை என்றால் அங்கேயே வாடகைக்கு எடுப்பதுதான் வழி. எடுக்கும்போது மாற்று பாட்டரியும் தருவார்களா என்று கேட்டுவிடுங்கள்.